கார்த்திகையைத் தாங்குமா? அக்னியைத் தாங்குமா?
(கீரப்பாளையத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டுத் தோட்டத்துக்கு எந்தச் செடியைத் தேர்ந்தெடுப்பது என்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆவணி முடியப் போகிறது. புரட்டாசி பிறந்துவிட்டால் தெருவுக்குள் செடி வண்டி வரத் தொடங்கிவிடும். சிதம்பரம் போய் வருகிறவர்கள் கையில் ஒரு ரோஜாவோ ஒரு குரோட்டன்ஸோ இருக்கும். எல்லாம் அழகான செடிகள். பூத்துக் குலுங்கும் செடிகள். நான் உங்களைக் கேட்கிறேன்: போன ஆண்டு இதே புரட்டாசியில் வாங்கிய செடிகளில் எத்தனை இந்தச் சித்திரையைப் பார்த்தன? எத்தனை வீட்டில் வெறும் தொட்டி மட்டும் மிச்சம் இருக்கிறது?

செடி செத்தால் நாம் என்ன சொல்கிறோம்? "எனக்குக் கை ராசி இல்லை" என்கிறோம். தாய்மார்களே, கை ராசியை விட்டுவிடுங்கள். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. இந்த மண்ணுக்கும், இந்தத் தண்ணீருக்கும், இந்த வெயிலுக்கும் பொருந்தாத செடியை விற்றிருக்கிறார்கள், நாம் வாங்கியிருக்கிறோம். இன்றைய பேச்சு முழுவதும் அந்தப் பொருத்தத்தைப் பற்றித்தான்.

செடிக்கும் ஊருக்கும் பொருத்தம் பார்ப்பதை உலகம் முழுவதும் செய்கிறார்கள். அமெரிக்காவில் அந்நாட்டு வேளாண்மைத் துறை 1960-ஆம் ஆண்டு ஒரு வரைபடம் வெளியிட்டது. நாட்டை மண்டலம் மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தது. இப்போது அதில் 13 மண்டலங்கள். அங்கே நாற்றுப் பண்ணையில் ஒரு செடி வாங்கினால், அது எந்த எண்ணுள்ள மண்டலத்தில் பிழைக்கும் என்று சீட்டிலேயே எழுதியிருக்கும். எதை வைத்து அந்த எண்? ஓர் ஆண்டில் அந்த ஊரில் அடிக்கும் மிகக் கடுமையான குளிர் எவ்வளவு, பல ஆண்டுகளில் அதன் சராசரி எவ்வளவு என்ற ஒரே கணக்கு. ஒரு மண்டலத்துக்கும் அடுத்ததற்கும் பத்து டிகிரி பாரன்ஹீட் வித்தியாசம். அவ்வளவுதான்.

அவர்களுக்கு அது போதும். ஏன் போதும்? அங்கே செடியைக் கொல்வது உறைபனி. ஓர் இரவு வெப்பம் விழுந்தால் தண்டுக்குள் இருக்கும் நீர் உறைந்து, திசு கிழிந்து, காலையில் செடி கருகிக் கிடக்கும். ஆகவே எந்தக் குளிரைத் தாங்கும் என்று கேட்கிறார்கள். அவர்கள் ஊருக்கு அது சரியான கேள்வி.

அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து பார்ப்போம். நமக்கு மார்கழி, தை விடியற்காலையில் எவ்வளவு குளிர்ந்துவிடும்? இருபது டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். சில நாள் அதற்கும் சற்றுக் கீழே போகும். அந்த வரைபடத்தின்படி நாம் கடைசி மண்டலம், பதின்மூன்றாம் எண். நாம் மட்டுமா? சென்னையும் அதே எண். ராமநாதபுரமும் அதே எண். கடல் தாண்டி இருக்கும் கொழும்பும் அதே எண். ராமநாதபுரத்துக் காய்ந்த பொட்டலும், மழை கொட்டும் கொழும்பும், களிமண்ணில் தண்ணீர் நிற்கும் கீரப்பாளையமும் ஒரே மண்டலம் என்றால், அந்த எண் நமக்கு எதைச் சொல்லிக்கொடுக்கும்? ஊட்டி வேறு, நாம் வேறு என்பதை மட்டும் சொல்லும். அது நமக்கு முன்பே தெரியும்.

1997-இல் அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் வெயிலுக்கு என்று இன்னொரு வரைபடம் போட்டது. முப்பது டிகிரிக்கு மேல் எத்தனை நாள் காய்கிறது என்று எண்ணி 12 மண்டலம். ஆண்டுக்கு 210 நாளைத் தாண்டினால் பன்னிரண்டாவது. நாம் அதிலும் கடைசி எண்தான். குளிரில் ஒரு கோடி, வெயிலில் இன்னொரு கோடி. இரண்டு வரைபடத்திலும் விளிம்பில் நிற்கும் ஊர் நம் ஊர்.

அப்படியானால் நமக்கு எந்தக் கேள்வி? குளிரைத் தாங்குமா என்று கேட்டுப் பயனில்லை. கார்த்திகையைத் தாங்குமா? அக்னியைத் தாங்குமா? உப்பைத் தாங்குமா? காற்றைத் தாங்குமா? இந்த நான்கையும் செடியிடம் கேட்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன்னால் நம் இடத்தைச் சொல்கிறேன். தமிழ்நாட்டை ஏழு வேளாண் காலநிலை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கடலூர் மாவட்டத்தின் பெரும்பகுதி வடகிழக்கு மண்டலத்தில் வருகிறது. ஆனால் பழைய சிதம்பரம் வட்டமும் காட்டுமன்னார்கோயில் வட்டமும் காவிரி டெல்டா மண்டலத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஒரே மாவட்டம், இரண்டு மண்டலம். நாம் டெல்டா. 2020-இல் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றியபோது, கடலூர் மாவட்டத்தில் அதில் இடம்பெற்றவை ஐந்து ஒன்றியங்கள்தான்: காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, குமராட்சி, பரங்கிப்பேட்டை, கீரப்பாளையம்.

சேத்தியாத்தோப்பு தாண்டி வடலூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். மண் சிவக்கத் தொடங்கும். முந்திரி வரும், பலா வரும். நம் பக்கம் பாருங்கள்: காவிரியும் கொள்ளிடமும் வெள்ளாறும் காலங்காலமாய்க் கொண்டுவந்து கொட்டிய களிமண். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழையில் கால் புதையும். கிழக்கே பரங்கிப்பேட்டைக்குப் போனால் கடல் மணல். ஒரு முற்பகலில் மூன்று மண்ணையும் மிதித்துவிட்டு வரலாம். பண்ருட்டிப் பலாவைத் தின்றுவிட்டு, ஆசையாய்க் கொட்டையைக் கொல்லையில் ஊன்றுகிறோம். மூன்று வருஷம் தளதளவென்று வருகிறது. ஒரு கார்த்திகையில் பத்து நாள் தண்ணீர் நிற்கிறது. இலை மஞ்சளாகிறது, தையில் மரம் பட்டுப்போகிறது. பலாவுக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது.

தண்ணீர் அதிகமானால் செடி ஏன் சாக வேண்டும்? வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. மழை விடாமல் பெய்து அந்த இடைவெளியெல்லாம் தண்ணீர் நிரம்பிவிட்டால் வேர் மூச்சு முட்டிப்போகும். நம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் வந்துவிடுகிறது. களிமண் அதைக் கீழே விடாது. பப்பாளிக்கு இரண்டு நாள் வேர் முழுகினால் போதும், கதை முடிந்தது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் முருங்கையும் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்கும், பிறகு கைவிடும்.

செடி வண்டியில் வந்த ரோஜாவை எடுத்துக்கொள்வோம். பட்டுப்போன ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். நட்டு மூன்று மாதம் ஆகியும் வேர்ப்பந்து அப்படியே உருண்டையாக வரும். உள்ளே சிவப்பு மண். ஓசூர்ப் பக்கத்திலிருந்தோ, கோதாவரிக் கரையில் கடியம் நாற்றுப் பண்ணைகளிலிருந்தோ பாலித்தீன் பையோடு லாரி ஏறி வந்த மண் அது. அதைச் சுற்றி நம் கருப்புக் களி சுவர்போல் இறுகியிருக்கும். ஒரு வேர்கூட அந்தச் சுவரைத் தாண்டியிருக்காது. மழையில் அந்தக் குழி முழுக்கத் தண்ணீர் தேங்கும். வெயிலில் களி இறுகிச் சுருங்கி, உருண்டையைத் தனியே விட்டுவிடும். வேரை நகத்தால் கீறினால் தோல் கழன்று வரும், உள்ளே பழுப்பாக இருக்கும், அழுகல் வாடை வரும். பூச்சி அடித்தது என்று மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். நோய் இலையில் இல்லை. குழியில் இருக்கிறது.

ஆகவே செடி வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். நடப்போகிற இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். மாலையில் அது நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். விடிந்ததும் போய்ப் பாருங்கள். தண்ணீர் இறங்கியிருந்தால் உங்களுக்கு நிறையச் செடிகள் உண்டு. இறங்காமல் அப்படியே நின்றால், அங்கே ரோஜாவையும் பப்பாளியையும் தரைமட்டத்தில் நடாதீர்கள். இரண்டடி உயரத்துக்குத் திடல்போல் மண் அணைத்து, மணலும் மக்கிய எருவும் கலந்து, அதன் மேல் நடுங்கள். நடுவதற்கு முன்பே வேர்ப்பந்தின் விளிம்பை விரலால் நெகிழ்த்திவிடுங்கள்.

அடுத்து உப்பு. இதைத்தான் நாம் அதிகம் கவனிப்பதில்லை. கிழக்கே போகப் போக நிலத்தடி நீர் கரிக்கிறது. உங்கள் வீட்டு அடிபம்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்க மறுக்கிறதா? தொட்டியின் விளிம்பில் வெள்ளை பூத்திருக்கிறதா? செடியின் இலை நடுவில் பச்சையாகவும் ஓரம் மட்டும் தீய்ந்தும் இருக்கிறதா? இவை மூன்றும் உப்பின் அடையாளம். பங்குனி, சித்திரையில் இது உச்சத்துக்குப் போகும். செடி வாடுகிறதே என்று தண்ணீரை ஊற்றுகிறோம்; ஊற்ற ஊற்ற உப்பும் சேர்ந்து இறங்குகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. மண்ணில் உப்பு ஏறிவிட்டால், பக்கத்திலேயே ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது.

இந்தப் பாடத்தை நமக்கு மிக நன்றாகச் சொல்லித் தருவது பிச்சாவரம். ஒருகாலத்தில் அந்தச் சதுப்புக் காட்டுக்கு நடுவே மரம் வளராத வெற்றிடங்கள் உண்டாயின. மரம் வெட்டுவதால்தான் காடு அழிகிறது என்று நினைத்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் ஆராய்ந்தபோது, மரம் போன இடத்தில் தரை தாழ்ந்து, அங்கே புகுந்த கடல்நீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி, காய்ந்து, உப்பு ஏறிப்போயிருப்பதைக் கண்டார்கள். என்ன செய்தார்கள்? உடனே கன்று நட்டார்களா? இல்லை. முதலில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் மீன்முள்போல் கிளை வாய்க்கால்கள். கடல் ஏறும்போது நீர் உள்ளே வந்து, இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியேறியது. அதன் பிறகுதான் கன்று. இன்றைக்குப் படகில் போகிறவர்கள் பார்க்கும் பச்சையில் அந்த வாய்க்கால்களின் பங்கு இருக்கிறது. இடத்தைச் சரி செய்தார்கள், பிறகு மரத்தைக் கூப்பிட்டார்கள்.

தில்லை மரத்தைச் சொல்லாமல் சிதம்பரம் பக்கத்தில் செடியைப் பற்றிப் பேச முடியுமா? நடராசப் பெருமான் கோயிலின் தல விருட்சம் அது. ஊருக்கே பெயர் கொடுத்த மரம். அந்த மரத்தை நம் தெருக்களில் காண முடிகிறதா? அதைப் பார்க்கப் பிச்சாவரம் போக வேண்டும். உப்புச் சேற்றில், கழிமுகத்தில் அது செழித்து நிற்கிறது. பக்தியோடு யாரும் அதை வீட்டில் வைக்கவும் வேண்டாம்; அதன் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும், கண்ணைப் பாதிக்கும். அதற்கு உரிய இடம் அதுதான். அங்கே அதைக் காப்பாற்றுவதுதான் நாம் அதற்குச் செய்யும் மரியாதை.

மூன்றாவது, காற்று. 2011 டிசம்பர் 30. இந்தத் தேதியை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியது. மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் காற்று. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாய்ச் சோறு போட்ட முந்திரியும் பலாவும் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தன. பாட்டன் வைத்த மரம், அப்பன் வளர்த்த மரம், பிள்ளையைப் படிக்க வைத்த மரம். அவற்றைத் தரையில் பார்த்து அழுத முகங்களை இந்த மாவட்டம் மறக்காது. பனை என்ன ஆயிற்று? பனை நின்றது. காற்று புகுந்து போக வழிவிடும் தலை, மண்ணை இறுகப் பிடிக்கும் வேர்க்கற்றை, வளைந்துகொடுக்கும் தண்டு.

நம் கடற்கரைக்குப் புயல் விருந்தாளி அல்ல. 2018-இல் கஜா நாகப்பட்டினம், தஞ்சைப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தது. 2020-இல் நிவர், அடுத்த வாரமே புரெவி. புரெவி கொடுத்த மழையில் சிதம்பரம் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. 2024-இல் ஃபெங்கல். ஆகவே வீட்டுக்கு அருகே மரம் வைக்கும்போது, பத்து ஆண்டு கழித்து இது எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்து வையுங்கள். ஆளுயரக் கன்றை வாங்கி நட்டால் உடனே நிழல் கிடைக்கும் என்ற ஆசை வேண்டாம். பைக்குள் வேர் சுருண்டுபோன பெரிய கன்றைவிட, முழ உயரக் கன்று மண்ணை நன்றாகப் பிடிக்கும். ஆணிவேர் போக வேண்டிய மரத்தை விதை போட்ட இடத்திலேயே வளரவிடுவது இன்னும் நல்லது. முருங்கையை ஆவணியிலேயே கவாத்து செய்துவிடுங்கள்; தலைப்பாரம் இல்லாவிட்டால் ஐப்பசிக் காற்றில் முறியாது.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதை உங்களைவிட நன்றாக யார் அறிவார்கள்? ஒன்று மட்டும். ஆப்பிள் கன்று விற்பனைக்கு வருகிறது. பெரும்பாலான ஆப்பிள் ரகங்களுக்குக் குளிர்காலத்தில் ஏழு டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரம் வரை கிடைத்தால்தான் மொட்டு விழிக்கும். நம் ஊரில் அப்படி ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. குறைந்த குளிர் போதும் என்னும் புது ரகங்கள் வந்திருக்கின்றன; அவற்றுக்கும் கொஞ்சம் குளிர் வேண்டும். இன்னும் ஒரு செய்தி கேளுங்கள். 1848-ஆம் ஆண்டு லண்டன் கியூ தோட்டத்தில் பனை இனங்களுக்கென்று பிரம்மாண்டமான கண்ணாடி மாளிகை கட்டி முடித்தார்கள். நம் கொல்லையில் தானே வளரும் மர வகைகளுக்கு அங்கே அடுப்பு எரித்துச் சூடு கொடுத்தார்கள். அதே ஆண்டு கியூவில் பயின்ற மக்ஐவர் என்பவர் ஊட்டிக்கு வந்து தாவரவியல் பூங்காவை உருவாக்கத் தொடங்கினார். தம் நாட்டுச் செடிகளை வளர்க்க அவர்கள் மெட்ராஸைத் தேடவில்லை, ஏழாயிரம் அடி மலையைத் தேடி ஏறினார்கள். செடிக்கு ஏற்ற இடத்துக்கு மனிதன் போனான். நாமோ ஊட்டியின் மே மாத மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, அங்கே பூத்த டேலியாவை அக்னி நட்சத்திரத்துக்குக் கூட்டி வருகிறோம்.

இந்தப் பொருத்தம் நமக்குப் புதிதா? தொல்காப்பியம் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று வகுத்து, நிலத்துக்கு நிலம் பொழுதும், மரமும், பூவும், பறவையும் வேறு என்று கண்டது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயரை அடுக்கினார். வெப்பமானி இல்லாத காலத்தில் கண்ணால் பார்த்து வகுத்த மண்டலம் அது. கீரப்பாளையம் எங்கே இருக்கிறது? மருதம் முடிந்து நெய்தல் தொடங்கும் இடத்தில். இரண்டு திணையின் மரமும் நமக்குச் சொந்தம். இதைவிடப் பெரிய கொடுப்பினை ஒரு தோட்டக்காரனுக்கு வேண்டுமா?

என்னென்ன வைக்கலாம்? வாய்க்கால் ஓரம், தண்ணீர் நிற்கும் தாழ்வான இடம் இருக்கிறவர்கள் மருதம் வையுங்கள், நாவல் வையுங்கள், பூவரசு வையுங்கள். பூவரசுக்குக் கன்றுகூட வாங்க வேண்டாம். கைத்தடி கனத்தில் ஒரு போத்து வெட்டி ஊன்றினால் போதும். தண்ணீரையும் தாங்கும், உப்பையும் தாங்கும், ஆடு மாட்டுக்குத் தழையும் ஆகும். பரங்கிப்பேட்டைப் பக்கத்தார் புன்னையையும் தாழையையும் மறந்துவிடாதீர்கள். உப்புக் காற்றை முகத்தில் வாங்கி நிற்கும் மரம் புன்னை. கரிக்கும் தண்ணீர்தான் உண்டு, பழமும் வேண்டும் என்றால் சப்போட்டா வையுங்கள், கொடுக்காப்புளி வையுங்கள். வேலி ஓரம் நொச்சி. பூவுக்குச் செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை, பவழமல்லி. மேடு கட்ட இடம் இருந்தால் மல்லிகையும் முல்லையும். ரோஜாதான் வேண்டும் என்கிற பிள்ளைகளுக்குப் பன்னீர் ரோஜா. ஓசூரின் ஒட்டு ரகங்களைவிட அது நம் வெயிலுக்குப் பழகியது. அரளி எல்லாப் பாகமும் நஞ்சு. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை வாசலில் வைக்க வேண்டாம்.

காய்கறிக்கு நம் மாவட்டத்திலேயே பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாலூர் கத்தரி இந்த வெயிலில் பிறந்து, இந்த மழையில் தேறிய ரகம். எங்கிருந்தோ பொட்டலத்தில் வரும் விதைக்கு முன்னால் அதைக் கேட்டுப் பாருங்கள். நாட்டு அவரை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். அதனால்தான் ஆடியில் ஊன்றி, மார்கழி, தையில் பறித்தார்கள். அதை மாசியில் ஊன்றினால் கொடி படரும், காய் வராது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம் காலநிலைக்குப் பொருந்துவது எல்லாம் நல்ல செடி என்று நினைத்துவிடக் கூடாது. சீமைக் கருவேலம் பொருந்தவில்லையா? ஆகாயத்தாமரை பொருந்தவில்லையா? அழகுக்கென்று குளத்தில் விட்ட ஆகாயத்தாமரை இன்று வாய்க்காலை அடைத்து, வயலுக்கு வரும் தண்ணீரை மறிக்கிறது. விறகுக்கென்று வந்த கருவேலம் ஏரியையே மூடிக்கொண்டது. கட்டுக்கடங்காமல் பொருந்துவதும் ஆபத்து. பழக்கமில்லாத ஒரு செடி வேகமாக வளரும், தண்ணீரே வேண்டாம், ஆடு கடிக்காது என்று யாராவது புகழ்ந்தால், அந்தப் புகழ்ச்சியையே சந்தேகப்படுங்கள்.

மண்டலங்கள் நகர்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கர்கள் தங்கள் வரைபடத்தை 2023-இல் திருத்தியபோது, நாட்டில் ஏறக்குறையப் பாதிப் பகுதி அரை மண்டலம் வெப்பத்தின் பக்கம் நகர்ந்திருந்தது. கடல் ஏறினால், நம் பக்கம் உப்பும் ஏறும். இன்று பரங்கிப்பேட்டைக்குச் சொன்னது நாளை நமக்கும் ஆகலாம். அதனால்தான் புன்னையைப் பற்றி இந்த ஊரில் நின்று பேசுகிறேன்.

மாணவச் செல்வங்களே, கடைசியாக உங்களிடம் ஒரு வேலை கொடுக்கிறேன். நம் ஒன்றியத்துக்கு என்று ஒரு செடி வரைபடம் இல்லை. அதை நீங்கள் போடுங்கள். இந்த ஐப்பசியில் தொடங்குங்கள். உங்கள் தெருவில் மழை நின்ற பிறகு எந்த வீட்டுக் கொல்லையில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்று எழுதுங்கள். எந்த அடிபம்பு எந்த மாதம் கரிக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். தானேயில் எந்த மரம் விழுந்தது, எது நின்றது என்று தாத்தா பாட்டியைக் கேட்டு எழுதுங்கள். பங்குனியில் ஊருக்கு ஐந்து இடத்தில் மண்ணெடுத்து வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். களர், உவர் அளவை எழுதிக் கொடுப்பார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலம் பக்கத்திலேயே இருக்கிறது. கேட்டால் வழிகாட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரு பெரிய தாளில் தெருத் தெருவாகக் குறித்து, நூலகச் சுவரில் மாட்டுங்கள். அடுத்த ஆவணியில் செடி வண்டிக்காரர் வரும்போது, முதலில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு விலை பேசச் சொல்லுவோம். அவரும் நமக்கு ஏற்ற கன்றை ஏற்றிக்கொண்டு வருவார்.